நாவலை முன்பே படித்தவர்

நாவலை முன்பே படித்தவர் என்றோர் இனம் உண்டு. கேபிள் டிவி வந்த பிறகு இதன் பெருக்கம் அதிகம்.

இருண்ட பங்களா, பனிமூட்டம், கொலை என்று ஏதாவது பழைய துப்பறியும் நாவலை டிவிக்காரர்கள் படமாக எடுத்துப் போட்டால் போதும், இவர் எழுத்து ஓடும் முன்பே நாற்காலியை முன்னால் இழுத்து, வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கி, பங்களா தெரிந்ததும் "பொஸ்தகத்துல இன்னும் ஒரு மாடி" என்பார், துப்பறிபவர் வந்ததும் "மீச எங்க?" என்பார், சமையல்காரன் கதவைத் திறந்ததும் "இவன்தான் கொன்னவன்" என்று படத்தையே முடித்துவிடுவார். சோப்பு விளம்பரத்தில்தான் வாய் ஓயும். அதற்கு மூலநூல் கிடையாது.

கொன்றவன் வேறொருவன் என்று கடைசியில் தெரிந்தால்? அசைவாரா? "பொஸ்தகத்துல வேற. டிவிக்காரன் மாத்திட்டான்."

ஆந்திர எல்லைப் புத்தூரில் எங்கள் வீட்டுக்கு வாய்த்தவர் என் நைனா எத்திராஜ். "இன்னாயா, ஒரு படத்தயாவது என்ன கண்டுபுடிக்க வுடறியா?" என்று அம்மா கத்துவாள். விட்டதில்லை.

அப்படியொரு பங்களா படத்தைத் தெலுங்கில் பல ஞாயிறுகளுக்குப் பிரித்துப் போட்டார்கள். நடுவில் நைனா போய்விட்டார். மாரடைப்பு. பூனாவில் கம்ப்யூட்டர் வேலையிலிருந்த நான் ரயிலேறி வந்தேன். காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகும் அம்மா வாய் திறக்கவில்லை. எது கேட்டாலும் தலையாட்டல். எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிறன்று டிவியைப் போட்டேன். கொன்றவனைப் பார்த்த தோட்டக்காரன், "நல்ல கோட்டு வேசுகுன்னோடு" என்று சாட்சி சொன்னான். திரையில் ஜமீன்தார் வெள்ளைக் கோட்டில் பளபளத்தார், பக்கத்தில் அவருடைய வக்கீல். நாவலை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் சொன்னேன்.

"ஜமீன்தாருதாம்மா. எவ்ளோ நல்ல கோட்டு போட்டிருக்கான் பாரு! பொஸ்தகத்துலயும் அவன்தான்."

அம்மா திரும்பினாள்.

"டேய், தெலுங்குல நல்லன்னா கருப்புடா! பூனாவுக்குப் போய் அதயும் துன்னுட்டியா? கருப்புக் கோட்டு வக்கீலுடா!" சிரிப்பு பீறிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "உங்க நைனாவே தேவல. படிக்காமலே தெகிரியமா வுடுவாரு."

"படிக்கலயா?"

"அந்தாளு எங்கடா பொஸ்தகத்த தொட்டாரு? கம்முனு பாரு."

ஆகவே, வாசகரே, இந்த இனத்தில் சேர நாவல் தேவையில்லை. வாயை மூடச் சொல்ல வீட்டில் ஓர் ஆள் இருந்தால் போதும். உங்களிடம் கடைசியாக அப்படிச் சொன்னது யார்?