பூமிநாடி பார்த்த வீடு

கீரனூர் பேருந்து நிலையத்தில், நேர அட்டவணைப் பலகையை மறைத்து ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். திருச்சி பஸ் எப்போது வரும் என்று இனி யாருக்கும் தெரியாது. ஆனால் 'பூமிநாடிச் சக்கரவர்த்தி' சரவணக்குமார் எப்போது வருவார் என்று எல்லோருக்கும் தெரியும். செவ்வாய், வெள்ளி, காலை ஒன்பது மணி, கல்யாண மண்டபம். டோக்கன் ஐந்நூறு.

மனிதனுக்கு நாடி ஓடுவதுபோல வீட்டுக்கும் ஓடுகிறதாம். அதில் நல்ல நாடியும் உண்டு, எமநாடியும் உண்டு. எமநாடியைப் பிடிக்க அவரிடம் ஒரு கருவி இருந்தது. ஒரு சாண் நீள மரக்கூடு, மேலே சந்தனம், குங்குமம், சுற்றிலும் உத்திராட்சம். அதைச் சுவரோரம் மெல்ல நகர்த்துவார். எமன் இருக்கும் இடத்தில் 'கீக் கீக்' என்று கத்தும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

கத்திவிட்டால் இடிக்க வேண்டியதுதான். குன்றாண்டார்கோவில் பக்கம் ஒருவர், கட்டி மூன்று மாதமே ஆன சமையலறையை இடித்தார். இன்னொருவர் மாடிப்படியை எடுத்துவிட்டு இன்றுவரை ஏணியில் ஏறுகிறார். பூமிநாடியால் முன்னுக்கு வந்தவர்கள் என்று உறுதியாகச் சொன்னால் கொத்தனார்களைத்தான் சொல்ல வேண்டும்.

இந்தச் சக்கரவர்த்தியின் பார்வை பிச்சை வீட்டின்மேல் விழுந்தது.

பிச்சை மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருடச் சர்க்கரை வியாதி இரண்டு சிறுநீரகங்களையும் தின்றுவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் திருச்சியில் டயாலிசிஸ். முடிந்து வரும்போது அவரால் நிற்க முடியாது. பஸ்ஸிலோ உட்கார இடம் கிடைக்காது. ஒருநாள் அவர் படிக்கட்டிலேயே சரிந்து விழுந்த பிறகு, மனைவி அழகி முடிவு செய்தார். வீட்டை விற்றுவிட்டுத் திருச்சியில் ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக ஒரு சின்ன ஃபிளாட் வாங்கிவிடுவது.

முடிவு செய்வது சுலபம். வீடு விற்க வேண்டுமே! தெரு நேராக வந்து வாசலில் முட்டும் வீடு. பார்க்க வந்தவர்கள் "தெருக்குத்தால்ல இருக்கு" என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பினார்கள். ஏழு மாதம் ஓடிப்போனது.

வீட்டுத் தரகர் நாகராசு ஒருநாள் வந்து கமிஷன் பேச்சை எடுத்தார்.

"ரெண்டு பர்சென்ட்டுக்கா. ஊரு ரேட்டு."

"ஏழு மாசமா வித்துக் குடுக்கலியே தம்பி, அதுக்கு எத்தனை பர்சென்ட்டு கழிப்பீங்க?" என்றார் அழகி.

"பெட்ரோலைப் போட்டுப் பார்ட்டியக் கூட்டியாரேன்லக்கா?"

"நீங்க கூட்டியாந்த பார்ட்டிக்கெல்லாம் டீ போட்டது நானு. பாலுக்குக் காசு கேட்டேனா? ஒரு பர்சென்ட்டு. அதுவும் பத்திரம் பதிஞ்ச அன்னிக்கு."

நாகராசு சிரித்தார். "சரிக்கா. ஒண்ணே இருக்கட்டும்."

ஒரே பேச்சில் கமிஷனைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளும் தரகரை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? அழகியும் பார்த்ததில்லை. அதனால்தான் ஜெயித்துவிட்டதாக நினைத்தார்.

அடுத்த வாரம் வெற்றிசெல்வன் வந்தார். துபாயிலிருந்து விடுப்பில் வந்திருப்பவர். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், பிடித்துவிட்டது. இருபத்தெட்டு லட்சத்துக்குப் பேச்சு முடிந்தது. வாசலில் நாகராசு லேசாக இழுத்தார். "வாஸ்து மட்டும் ஒரு தடவை பாத்துக்கிருவோம்ணே. அரபு நாட்டுல வேர்வை சிந்துன காசு பாருங்க." வெற்றிசெல்வனும் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை மண்டபத்துக் கூட்டம் முடிந்ததும் சரவணக்குமார் வந்தார். பின்னால் முப்பது பேர். ஒருவர் குடை பிடித்தார், ஒருவர் செல்போனில் படம் பிடித்தார். கருவி கூடத்துச் சுவரை நெருங்கியதும் கத்தியது. மேலே போகப் போகக் கத்தியது. கத்திய இடமெல்லாம் சக்கரவர்த்தி குங்குமத்தால் கோடு இழுத்தார். பூசை அறைச் சுவரிலும் ஒரு கோடு விழுந்தது.

"எமநாடி முத்திப்போச்சும்மா," என்றார் அழகியிடம். "ஐயாவோட கிட்னியை எது தின்னுச்சுன்னு நெனைக்கிறீங்க? இந்தச் சுவருதான்."

வெற்றிசெல்வன் அப்படியே பின்வாங்கி வெளியே போய்விட்டார். கூட்டம் கலைந்ததும் நாகராசு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எமநாடி வீட்டை யாருக்கா வாங்குவா? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பயப்பட மாட்டாரு. பத்தொம்பது லட்சம் தருவாரு. ஆனா ரிஸ்க்கு கேசு, கமிஷன் நாலு பர்சென்ட்டு ஆவும். செவ்வாக்கெழமை சாமி வந்து நாடியை அடக்கிப் பூசை போடுவாரு, அதுக்கு முப்பத்தஞ்சாயிரம் தனி."

பத்தொன்பது லட்சத்துக்குத் திருச்சியில் ஃபிளாட் வராது. அது அழகிக்குத் தெரியும். ஆனாலும் அவரை உலுக்கியது அந்தக் கணக்கு அல்ல. பார்த்துப் பார்த்துக் கட்டிய சுவர், கட்டியவரையே தின்றுவிட்டதா? அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மறுநாள் காலை பிச்சை கூடத்தில் உட்கார்ந்து அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவிட்ச் போர்டிலிருந்து நேராக மேலே. பிறகு இடது பக்கம் ஒரு திருப்பம். அங்கிருந்து பூசை அறைச் சுவர் வழியாக இறங்கி ஒரு பிளக்குக்கு. திடீரென்று தொடையில் தட்டிச் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

"என்னங்க ஆச்சு?" என்று அழகி ஓடி வந்தார்.

"அழகி, இந்த வீட்டுக்கு வயரிங் பண்ணுனது ஆரு?"

"நீங்கதான்."

"சுவத்துக்குள்ள நான் பைப்பு பொதைச்ச வழியிலயே எமன் போறான் பாரு. ஒரு எடத்துலகூட வழி தப்பல!"

அழகி கோட்டைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப செவ்வாக்கெழமை வரட்டும்," என்றார். வெற்றிசெல்வனுக்கும் அவரே போன் போட்டு, "நீங்க அவசியம் வரணும் தம்பி" என்றார்.

செவ்வாய்க்கிழமை கூடம் நிறைந்து வாசலிலும் கூட்டம் நின்றது. யாகத்துக்குச் செங்கல் அடுக்கினார்கள். பிச்சை பணிவாகக் கேட்டார்.

"சாமி, அடக்குறதுக்கு முன்னாடி எமன் உள்ள இருக்கானான்னு ஒருக்கா காட்டுங்க."

சக்கரவர்த்தி கருவியைச் சுவரில் வைத்தார். கீக் கீக். கன்னங்கள் சிவந்தன.

"அழகி, மெயினை எறக்கு."

மின்விசிறி நின்றது. கருவியும் நின்றது. சரவணக்குமார் மேலே நகர்த்தினார், கீழே நகர்த்தினார், உதறிப் பார்த்தார். எமன் வாயே திறக்கவில்லை.

"ஏத்து."

கீக் கீக்.

"எறக்கு."

மௌனம்.

"என்ன சாமி, எமன் கரண்டுலயா ஓடுறான்?" என்றது வாசலிலிருந்து ஒரு குரல். "மாசம் எத்தனை யூனிட்டு இழுக்குறான்?" என்றது இன்னொன்று. சிரிப்பு கிளம்பியது.

"நாத்திகம் பேசுற எடத்துல தெய்வம் பேசாது!" என்று சீறினார் சக்கரவர்த்தி.

"மெயினை ஏத்துனா பேசுதே சாமி!" என்றார் அழகி, மெயினை மறுபடி ஏற்றியபடியே.

பிச்சை தன் பழைய டூல்ஸ் பையிலிருந்து பேனா மாதிரி ஒரு டெஸ்டரை எடுத்துச் சுவரோரம் காட்டினார். அதே இடம், அதே கீக் கீக். "சுவத்துக்குள்ள கரண்டு ஓடுதான்னு பாக்குறது. எலக்ட்ரிக் கடையில முந்நூறு ரூவா. உங்க மரக்கூட்டைக் கழட்டுங்க சாமி, உள்ளாற என்ன கம்பெனின்னு பாப்போம்."

கழற்ற அவர் சம்மதிக்கவில்லை. குடை பிடித்தவரே பிடுங்கிக் கழற்றிவிட்டார். பாவம், அவரும் போன மாதம் குளியலறையை இடித்தவர். உள்ளே மஞ்சள் நிற டெஸ்டர் ஒன்று சந்தன வாசனையோடு இருந்தது.

அப்போதுதான் வெற்றிசெல்வன் முன்னால் வந்தார். "நாகராசண்ணே, நேத்து போன்ல என்ன சொன்னீங்க? 'வீடு கைமாறிப் பூசை முடியட்டும், அடுத்த மாசம் நானே இருபத்தெட்டுக்கு முடிச்சுத் தாரேன்'னீங்கள்ல? பத்தொம்பதுக்கு வாங்குற அந்த தைரியசாலி யாருண்ணே?"

நாகராசு செருப்பைத் தேடினார். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். "வேற ஆரு, இவரு மச்சினந்தான்."

பிறகு நடந்ததை விவரிக்க எனக்கு ஆசைதான். சக்கரவர்த்தி கொல்லைப்புறமாகப் புறப்பட்டார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அவர் எந்தத் திசையில் ஓடினால் நல்லது என்று நாடி பார்க்க நேரமில்லை.

அழகியும் வெற்றிசெல்வனும் நேருக்கு நேர் பேசி, அதே இருபத்தெட்டுக்குப் பத்திரம் பதிந்தார்கள். பதிவன்று, வெட்கம் என்பதைக் கேள்விப்பட்டே இராத நாகராசு அலுவலக வாசலில் நின்றிருந்தார்.

"அக்கா, பார்ட்டியக் காட்டுனது நான்தானே? ரெண்டு வேணாம், பேசுனபடி ஒரு பர்சென்ட்டு."

"தாரேன் தம்பி. பேச்சுன்னா பேச்சு," என்றார் அழகி. "ஆனா இங்க வேணாம். வர்ற வெள்ளிக்கெழமை கல்யாண மண்டபத்துக்கு வாங்க. வீட்டை இடிச்சவுகளையெல்லாம் வரச் சொல்லியிருக்கேன். அவுகளுக்கு முன்னால வச்சுத் தாரேன்."

வெள்ளிக்கிழமை அழகி பணத்தோடு போய் மதியம்வரை உட்கார்ந்திருந்தார். இடித்தவர்கள் அறுபது பேர் வந்திருந்தார்கள். வாங்க வேண்டியவர் வரவில்லை. கமிஷன் பேரத்தில் கடைசியாக நின்ற விலை அதுதான், பூஜ்யம்.

திருச்சி ஃபிளாட்டில் குடியேறிய அன்று, எதிர்வீட்டு அம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார்.

"என்னங்க, வாசல் தெக்குப் பாத்து இருக்கே? தெரிஞ்சா வாங்குனீங்க?"

"தெரிஞ்சுதான் வாங்குனோம்," என்றார் அழகி. "ஆஸ்பத்திரி தெக்காலதான இருக்கு!"

பிச்சை இப்போது டயாலிசிஸ் முடிந்து பத்தே நிமிடத்தில் வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்கிறார்.

எதிர்வீட்டு அம்மாளுக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. தெற்கு வாசலுக்குப் பரிகாரம் சொல்லும் ஒருவரின் விசிட்டிங் கார்டை மறுநாளே கொண்டுவந்து நீட்டினார். வாசல் எந்தத் திசையில் இருந்தாலும் ஏமாற்றுக்காரன் தேடி வந்துவிடுகிறான், மக்களே. உள்ளே "எப்படி?" என்று கேட்க ஒரே ஒரு ஆள் இருந்தால் வாசலோடு திரும்பிவிடுவான். அந்த ஆள் உங்கள் வீட்டில் யார்?