கறுப்பு மிதியடியும் மூன்றாவது வரியும்

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் உங்கள் கண்ணாஸ்பத்திரியும் நலம்தானே? குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது. படித்ததும் கிழித்துவிடுங்கள்.

விஷயம் பெரியப்பாவைப் பற்றியது. போன மாதம் அம்மா வாசலில் கறுப்பு மிதியடி போட்டாள். அன்றிலிருந்து அவர் அதை மிதிப்பதே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டுகிறார். "வாசல்ல பள்ளம் தோண்டி வெச்சிருக்கீங்களே, விழுந்தா யாரு தூக்குவா?" என்கிறார். அவர் மட்டும் தாண்டினால் நன்றாக இருக்காதே என்று நானும் தாண்ட ஆரம்பித்தேன். எங்களைப் பார்த்துத் தபால்காரரும் தாண்டிவிட்டார். அதோடு போயிருந்தால் சரி, நேற்று பெரியப்பா வெள்ளை மேஜையில் வெள்ளைக் கோப்பையை விட்டுவிட்டுப் பக்கத்தில் பாலை ஊற்றி, துடைக்கப் போன என்னை உங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட, அதைக் கேட்ட அப்பா அம்மாவிடம், "அண்ணனுக்குக் கண்ணு மட்டும் இல்ல, ஞாபகமும் போகுது. டெஸ்ட் பண்ணிட்டு எங்கயாவது சேக்கறதப் பத்தி யோசிப்போம்" என்றார். அத்தை, எங்கயாவது என்றால் எங்கே?

மறதி நோய் வந்தால் பார்ப்பதை மூளை குழப்பிக்கொள்ளலாம் என்று நூலகத்தில் படித்தேன். வயதானவர்களுக்கு வெறும் கண்புரையாகவும் இருக்கலாம் என்று அதே பக்கத்தில் போட்டிருந்தது. பத்துத் தடவை படித்தேன். பெரியப்பாவுக்கு எது என்று அது சொல்லவில்லை.

டெஸ்டில் தேறிவிட்டால் அவரை எங்கேயும் சேர்க்க மாட்டார்களே என்று, மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் பலகையில் இருந்த எழுத்துகளை நோட்டில் எழுதிவந்து, தினமும் அவருக்கு மனப்பாடம் செய்விக்கிறேன். இரண்டு வரி வந்துவிட்டது. மூன்றாவது நிற்க மாட்டேன் என்கிறது. "ஒண்ணுக்கொண்ணு சொந்தமே இல்லாத எழுத்தா இருக்கே கண்ணு!" என்கிறார். அடுத்த வியாழக்கிழமை உங்கள் ஆஸ்பத்திரியில் அவரைப் பலகை முன் உட்கார வைக்கப் போவது நீங்கள்தானே? இரண்டு வரியோடு நிறுத்தி, கண் பிரமாதம் என்று சொல்லிவிடுங்கள். பாவம் வந்தால் பாதி எனக்கு.

மாமாவுக்கு வணக்கம், குட்டிப் பயலுக்கு முத்தம். உங்கள் ஆசி வேண்டும்,

பயந்துபோயிருக்கும் மருமகள்

பி.கு.: மேலே கேட்ட எதையும் செய்யாதீர்கள். பெரியப்பா அவசரமாகக் குளியலறைக் கதவைத் தட்டினார். காகிதத்தை ஒளிக்க நேரமில்லை. "என்ன எழுதறே, படி" என்றார். படித்தேன். வந்த அவசரத்தை மறந்து அப்படியே நின்றார். "எனக்கே தெரியும்டா. அத்தையைப் பொய் சொல்லச் சொல்லாத. என்ன இருக்கோ பாக்கட்டும். உங்கப்பன்கிட்ட நானே பேசறேன்" என்றார். காலையில் பேசப் போகிறாராம். நடுவில் மறந்துவிட்டால் எடுத்துக்கொடுக்க நான் பக்கத்தில் நிற்க வேண்டுமாம். வியாழக்கிழமை அவரிடம் வெளிர் நிறத்தில் ஒரு மிதியடி கொடுத்தனுப்புங்கள். இன்று அம்மாவும் தாண்டினாள். அவளுக்கு முழங்கால் வலி.