நாற்காலிக்கு நாலு புள்ளி எட்டு வோல்ட்

அந்த நாற்காலியை மீட்டே தீருவது என்று ஒரு திங்கட்கிழமை காலை, அவித்த முட்டையின் தலையைக் கரண்டியால் தட்டிக்கொண்டே கிளிஃபர்டு முடிவு செய்தார். போர் என்றால் எதிரி எங்கே இருக்கிறான் என்று தேட வேண்டும். அவருக்கு அந்தச் சிரமம் இல்லை. எதிரி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பெயர் ஏவ்ரில். அவருக்கு வாழ்க்கைப்பட்டு நாற்பத்தெட்டு வருடம் ஆகிறது.

நாற்காலி இருப்பது வட இங்கிலாந்தில் ஹாஸ்லிங்டன் ஊரில், ‘கடா’ பப்பின் பின்னறையில். உட்கார்ந்தால் வலது பக்கம் கணப்பு, இடது பக்கம் ஜன்னல், எதிரே டோமினோ மேசை. கைப்பிடியில் சிகரெட் சுட்ட தழும்பு ஒன்று உண்டு. அது கிளிஃபர்டு வைத்தது. பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலத்திலிருந்து வியாழன்தோறும் அங்கே உட்கார்ந்துதான் கடா அணிக்காக டோமினோ ஆடினார்.

அது ஒரு காலம். பின்னறையில் அப்போது காற்று என்று தனியாக எதுவும் கிடையாது. புகைதான். கூரை தேநீர் நிறத்தில் இருக்கும். எதிராளி வைத்த காய் தெரியும், வைத்த கை தெரியும், முகம் தெரியாது. இருமலை வைத்துத்தான் யார் என்று கண்டுபிடிப்பார்கள். அந்த மேகத்துக்குள் கிளிஃபர்டு ஒரு ராஜா. ஏவ்ரிலுடன் ஆடினாலும் பத்துக்கு எட்டு அவர்தான் ஜெயிப்பார்.

பிறகு அந்தச் சட்டம் வந்தது. பப்புக்குள் புகைக்கக் கூடாது. கூரைக்கு வெள்ளை அடித்தார்கள். கிளிஃபர்டு பின்வாசலில், காலிப் பீப்பாய்களுக்கு நடுவே, பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே மழையைப் பார்த்துக்கொண்டு புகைத்தார்.

“ஒரு நிமிஷம் என் காயைப் பிடிச்சுக்கோ, ஏவ்ரில்” என்பார்.

அவளும் பிடித்துக்கொண்டாள். முதலில் ஒரு காய் வைத்தாள். பிறகு ஒரு ஆட்டம். பிறகு ஒரு மாலை. அவர் திரும்பி வரும்போது நாற்காலி சூடாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சூடு அவருடையது இல்லை.

ஒருநாள் அணித்தலைவர் நார்மன் அவரைத் தனியே கூப்பிட்டார். நார்மன் ஓய்வுபெற்ற தபால்காரர். யார் கையிலும் கெட்ட செய்தியைத் திணித்துவிட்டு நகர்ந்துவிடும் பழக்கம் உள்ளவர்.

“தப்பா எடுத்துக்காதே, கிளிஃப். நீ வெளியே போனா நாம ஜெயிக்கிறோம். உள்ளே வந்தா தோக்கிறோம்.”

“அதனால?”

“கொஞ்சம் நிதானமாப் புகையேன்.”

இப்படியே ஆறு வருடம் போயிற்று. போன வியாழன்தான் வழி பிறந்தது. வெளியூர் அணிக்காரர் ஒருவர் பேனா மாதிரி ஒரு குழாயை எடுத்து, உள்ளேயே உட்கார்ந்து ஊதித் தள்ளினார். பப்பின் முதலாளியம்மா ஒன்றும் சொல்லவில்லை. மின்சிகரெட்டாம். நெருப்பு இல்லை, சாம்பல் இல்லை, எழுந்து போக வேண்டியதில்லை. எழுந்து போகாதவன் நாற்காலியை யார் பிடுங்க முடியும்?

முட்டையைத் தட்டி முடித்தார்.

“ஏவ்ரில், நான் சிகரெட்டை விடப்போறேன். மின்சிகரெட்டுக்கு மாறப்போறேன்.”

“அடேயப்பா. எதுக்கு?”

“உடம்புக்காகத்தான். வேற எதுக்கு?”

ஏவ்ரில் அவருடைய இடது காதைப் பார்த்தாள்.

“என்ன பாக்கிறே?”

“ஒண்ணுமில்ல. ஷேவிங் நுரையோன்னு பாத்தேன்.”

கிளிஃபர்டு காதைத் துடைத்துக்கொண்டார்.

“நானும் கடைக்கு வர்றேன்” என்றாள் ஏவ்ரில். “உனக்குத் தனியா ஒரு சட்டைகூட எடுக்கத் தெரியாது.”

கடை இருந்த இடம் அவர்களுக்குப் பழக்கமானது. சின்ன வயதில் அது மிட்டாய்க் கடை. கதவில் அதே மணி. சுவரில் அதே மர அலமாரி. அப்போது பெரிய பெரிய கண்ணாடி ஜாடிகள் இருந்தன. இப்போது கண்ணுக்கு மருந்து விடும் குப்பி அளவில் வரிசை வரிசையாகப் புட்டிகள். கடைக்காரி ட்ரேசி முன்பு முடிதிருத்தும் நிலையம் வைத்திருந்தவள். வருகிற எல்லோரும் அவளுக்குக் கண்ணுதான்.

“முதல் தடவையா, கண்ணு? அப்ப இந்தச் சாதாரணமானது போதும். பொத்தானை அழுத்து, இழு, விடு. அவ்வளவுதான்.”

“இதுதான் எனக்குச் சரி” என்றார் கிளிஃபர்டு.

“அது என்ன, அடியில திருகு வச்சது?” என்று ஏவ்ரில் கண்ணாடிப் பெட்டிக்குள் விரல் நீட்டினாள்.

“அது வோல்டேஜ் மாத்துறது, கண்ணு. மூணு புள்ளி மூணுல வச்சா இதமா வரும். மேலே மேலே திருகினா சூடு ஏறும், புகை கூடும், தொண்டையில நல்லாப் பிடிக்கும். நாலு புள்ளி எட்டுதான் உச்சம். அதுல ரொம்ப நேரம் இழுத்தா கருகல் வாடை வரும். முதல்ல வாங்குறவங்களுக்கு அது வேண்டாம்னு நான் சொல்லுவேன்.”

“இவருக்கு அதுதான் வேணும்” என்றாள் ஏவ்ரில்.

“எனக்கு எதுக்கு அந்தத் திருகெல்லாம்?”

“உன் மனசு ஒரு நிலையில நிக்காதே, கிளிஃப். கவலைன்னா ஒண்ணு மேல ஒண்ணாப் பத்தவைப்பே. சந்தோஷம்னா ஒரே சிகரெட்டை மணிக்கணக்கா வச்சிருப்பே. மனசுக்கு ஏத்த மாதிரி திருகிக்கலாம் இல்ல?”

கிளிஃபர்டுக்குக் கண் கலங்கிவிடும் போல் இருந்தது. தன் நாற்காலியைப் பறித்தவளுக்குத் தன் மேல் இவ்வளவு அக்கறையா? கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் போர் என்றால் போர்தான்.

“சுவை எது வேணும், கண்ணு? புகையிலையா?”

அவர் ஆமாம் என்று சொல்வதற்குள் ட்ரேசி வேறொரு புட்டியைத் திறந்து மூக்கருகே நீட்டினாள். பாதி இளஞ்சிவப்பு, பாதி மஞ்சள் மிட்டாய் ஒன்று அந்தக் காலத்தில் உண்டு. பாதி புளிக்கும், பாதி இனிக்கும். அதே வாசனை.

கிளிஃபர்டு அப்படியே நின்றுவிட்டார். ஒரு சனிக்கிழமை. சினிமா முடிந்து கடைசிப் பஸ். மாடித்தட்டில் முன் சீட்டு. மாடி முழுக்கப் புகை, கண்ணாடி முழுக்க ஆவி. பக்கத்தில் பச்சைக் கோட்டு போட்ட பத்தொன்பது வயது ஏவ்ரில். மடியில் காகிதப் பை நிறைய அந்த மிட்டாய்.

“போன வாரம் எங்கே காணோம்?” என்று கேட்டாள்.

“அக்ரிங்டன்ல அத்தைக்கு உடம்பு சரியில்ல. பக்கத்துலயே இருந்தேன்” என்றார்.

அத்தை கல்லுக்குண்டு மாதிரி நன்றாக இருந்தாள். கிளிஃபர்டு போனது பிளாக்பூல் கடற்கரைக்கு. பஸ் டிப்போ சுற்றுலா. செருப்புத் தொழிற்சாலைப் பெண்களோடு விடிய விடிய நடனம்.

“நல்ல பிள்ளை” என்று ஏவ்ரில் புகைக்குள் கையை நீட்டி அவர் வாயில் ஒரு மிட்டாயைப் போட்டாள். அந்த இனிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. பொய்தான் எப்போதோ கரைந்துவிட்டது.

“இதுவே இருக்கட்டும்” என்றார் ட்ரேசியிடம்.

வீட்டுக்கு வந்ததும் பொத்தானை ஐந்து தடவை அழுத்தி அதை விழிக்கவைத்தார். எடுத்த எடுப்பில் உச்சத்தில் வைத்து இழுத்தார். இருமிய இருமலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

“பழகணும்ல” என்றாள் ஏவ்ரில். “வா, சமையலறையில உட்கார்ந்து ரெண்டு ஆட்டம் ஆடுவோம். ஆடிக்கிட்டே பழகு.”

வியாழன் வரை தினமும் ஆடினார்கள். கிளிஃபர்டு திருகினார், ஊதினார், திருகினார். ஏவ்ரில் பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் அவரே அதிகம் ஜெயித்தார். அவருக்கு நம்பிக்கை பிறந்தது.

வியாழக்கிழமை பப்பில் கிளிஃபர்டு நார்மன் முன்னால் போய் நின்றார்.

“இனிமே நான் வெளியே போகமாட்டேன், நார்மன். என் நாற்காலி எனக்கு வேணும்.”

நார்மன் தலையைச் சொறிந்தார். அடுத்த வாரம் ராட்டன்ஸ்டால் அணியோடு அரையிறுதி. ஒரு இடம், இரண்டு ஆள், இரண்டு பேரும் ஒரே வீடு. யாரை வேண்டாம் என்றாலும் தெருவில் பார்க்கும்போது இருவருமே முகத்தைத் திருப்புவார்கள்.

“நீங்க ரெண்டு பேருமே ஆடிக்குங்க. மூணு ஆட்டம். ரெண்டு ஜெயிக்கிறவங்க அணியில. என்னை இழுக்காதீங்க.”

“நாற்காலியில நீயே உட்காரு, கிளிஃப்” என்று ஏவ்ரில் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டாள்.

ஆறு வருடத்துக்குப் பிறகு அந்த நாற்காலி. கைப்பிடித் தழும்பில் விரலை வைத்ததும் கிளிஃபர்டுக்குப் பழைய கூரை, பழைய இருமல்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. ஆளுக்கு ஏழு காய் எடுத்தார்கள். மேசையில் இருக்கும் வரிசையின் இரு முனைகளில் எந்தப் புள்ளி இருக்கிறதோ, அந்தப் புள்ளி உள்ள காயைத்தான் ஒட்டி வைக்கலாம். இல்லையென்றால் மேசையைத் தட்டிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். கையில் இருப்பதை முதலில் வைத்துத் தீர்ப்பவர் ஜெயித்தவர்.

முதல் ஆட்டத்தில் கிளிஃபர்டு கையில் ஆறு உள்ள காயே இல்லை. முனையில் ஆறு வந்தது. திருகை மேலே ஏற்றி ஒரு இழுப்பு இழுத்தார். ஏவ்ரில் இன்னொரு முனையிலும் ஆறைக் கொண்டுவந்து வைத்தாள். தட்டினார். திருகினார். தட்டினார். மேசையைத் தட்டித் தட்டி விரல் மூட்டுதான் வலித்தது. ஆட்டம் போயிற்று.

பக்கத்து வீட்டுப் பெர்சி அவர் காதில் குனிந்தார். பெர்சி முன்பு கசாப்புக் கடை வைத்திருந்தவர். ரகசியத்தைக்கூடக் கூவி விற்கிற குரல்.

“யோவ் கிளிஃப், உன் கையில காய் இல்லாதப்போ திருகை ஏத்துறே. நல்ல காய் இருந்தா இறக்குறே. அவ உன்னைப் படிக்கிறாய்யா!”

கிளிஃபர்டுக்குச் சுரீர் என்றது. கடை, திருகு, சமையலறைப் பயிற்சி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வந்தன. மனசுக்கு ஏத்த மாதிரி திருகிக்கலாமாம்!

இரண்டாவது ஆட்டத்தில் குழாயைச் சட்டைப் பையில் போட்டுவிட்டார். ஊதவே இல்லை. ஜெயித்தார். பின்னறையே கைதட்டியது.

அதோடு பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் நாலு நாளாக ஏமாற்றப்பட்ட புருஷனுக்கு வெறும் வெற்றி போதாது. அதே திருகை வைத்து அவளைக் கவிழ்க்க வேண்டும். மூன்றாவது ஆட்டத்துக்குக் குழாயை மறுபடியும் வெளியே எடுத்தார்.

“என்ன, மறுபடியும் ஆரம்பிச்சாச்சா?” என்றாள் ஏவ்ரில்.

“தொண்டை வறளுது.”

ஆட்டம் முடிவுக்கு வந்தது. ஒரு முனையில் இரண்டு, இன்னொரு முனையில் நான்கு. ஏவ்ரிலின் முறை. கிளிஃபர்டு கையில் மூன்று காய். மூன்றிலும் இரண்டு இருந்தது. அந்த இரண்டை மட்டும் அவள் மூடாமல் விட்டால் போதும்.

அவர் முகத்தைத் தொங்கப் போட்டார். திருகை நாலு புள்ளி எட்டு வரை ஏற்றினார். கருகல் வாடை வரும்வரை இழுத்தார். இளஞ்சிவப்பும் மஞ்சளுமான அந்த வாசனை மேசை முழுக்கப் பரவியது.

“அடடா, இந்தப் பாழாப்போன ரெண்டு வந்து வழியை மறிக்குதே” என்று பெருமூச்சு விட்டார்.

காயைப் பற்றிப் பேசியதற்காக நார்மன் முறைத்தார். ஏவ்ரில் திருகைப் பார்க்கவே இல்லை. புகை கலையும்வரை பொறுமையாக இருந்தாள். பிறகு இரண்டின் மேல் ஒரு காயை வைத்து மூடினாள். முனைகளில் இப்போது ஐந்து, நான்கு.

கிளிஃபர்டு தட்டினார். அவள் இரட்டை நாலை வைத்தாள். கிளிஃபர்டு தட்டினார். அவள் இரட்டை ஐந்தை வைத்தாள். கை காலி.

“அரையிறுதிக்கு ஏவ்ரில்” என்று சொல்லிவிட்டு நார்மன் வேகமாகக் கழிப்பறைப் பக்கம் போய்விட்டார்.

தூறலில் வீட்டுக்கு நடந்தார்கள். அந்தக் காலத்துக் கடைசிப் பஸ் வந்து நிற்கும் இடம் வந்தது. அதற்கு மேல் கிளிஃபர்டுக்குத் தாங்கவில்லை.

“திருகைத் தலைகீழா வச்சேனே! எப்படிக் கண்டுபிடிச்சே?”

“திருகை யாரு பாத்தா? பொய் சொன்னா உன் இடது காது தக்காளி மாதிரி சிவந்துபோகும்.”

“அது கணப்புச் சூடு!”

“கணப்பு உனக்கு வலது பக்கம், கிளிஃப்.”

கிளிஃபர்டு இடது காதைத் தொட்டுப் பார்த்தார்.

“எத்தனை நாளா இது தெரியும்?”

“அந்தச் சட்டம் வந்ததிலேர்ந்துதான். அதுக்கு முன்னாடி பஸ்லயும் புகை, பப்லயும் புகை, வீட்டுலயும் புகை. உன் காதை நான் முழுசாப் பாத்ததே இல்ல. நாப்பது வருஷத்துக்கு மேல உன்னை யோக்கியன்னு நம்பியிருக்கேன்.”

அவள் கைப்பையைத் துழாவினாள். பாதி இளஞ்சிவப்பு, பாதி மஞ்சளாக ஒரு மிட்டாயை எடுத்து அவர் வாயில் போட்டாள். அதே மிட்டாய். அதே புளிப்பு, அதே இனிப்பு. அவளுடைய பச்சைக் கோட்டுகூட ஒரு நொடி கண்ணில் தெரிந்தது. தோற்றதே மறந்துபோயிற்று கிளிஃபர்டுக்கு.

ஏவ்ரில் அவர் கையைக் கோத்துக்கொண்டு, நேராகத் தெருவிளக்கின் கீழே கொண்டுபோய் நிறுத்தினாள்.

“ஆமா, அக்ரிங்டன்ல உன் அத்தைக்கு அன்னைக்கு என்ன உடம்புக்கு?”

கிளிஃபர்டு தொப்பியை இழுத்து இடது காதை மூடிக்கொண்டார்.