பலகையில் ஒரே ஒரு பிரதர்

மதிப்பிற்குரிய மாமாவுக்கு, பெரியவன் வணக்கம். இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா?

விஷயத்துக்கு வருகிறேன். நம் தையல் கடைக்குப் போன வாரம் புதுப் பெயர்ப்பலகை மாட்டினோம். பெயின்டரிடம் பக்கத்திலேயே நின்று எழுதி வாங்கியவன் உங்கள் சின்ன மருமகன். இங்கிலீஷில் 'பிரதர்ஸ் டெய்லரிங்'. பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. பேன்ட் நீளம் குறைக்க வந்த இங்கிலீஷ் வாத்தியார் அண்ணாந்து பார்த்துவிட்டு, "உங்க ரெண்டு பேர்ல கடை யாரோடது?" என்று கேட்டார். ஏன் கேட்கிறீர்கள் என்றேன், விளக்கினார். 'பிரதர்ஸ்' கடைசியில் வரும் எஸ்ஸுக்கு முன்னால், மேலே சின்னதாக, கமா மாதிரி ஒரு வால் தொங்குது. அது அங்கே இருந்தா ஒரே ஒரு சகோதரனோட கடையாம், எஸ்ஸைத் தாண்டி இருந்தாத்தான் எல்லாச் சகோதரர்களோடதுமாம். ஆம்பளைங்க துணின்னு எழுதும்போது மட்டும் முன்னாடியே போடணுமாம், 'மென்'ங்கிற சொல்லு ஏற்கெனவே பன்மையாம். என்ன நியாயமோ போங்க. இத்தனை வருஷம் உழைச்ச என்னை ஒரு வாலை வெச்சே வெளியே தள்ளிட்டான்னு மட்டும் எனக்கு நல்லா விளங்கிடுச்சு.

கேட்டா, "பெயின்ட் சொட்டியிருக்கும்ணே"ங்கிறான். வாயைத் திறந்தா பொய். அன்னிக்கே பேச்சை நிறுத்திட்டேன். நான் வெட்டுவேன், அவன் தைப்பான், உங்களுக்குத் தெரியாததா? ஒரு சட்டைக்கு நான் கொஞ்சம் அசந்து ரெண்டு கையையும் இடது கையாவே வெட்டிட்டேன். அவன் அதை அப்படியே தைச்சு, இஸ்திரி போட்டு, பேங்க் மேனேஜர்கிட்ட நீட்டிட்டான். மனுஷன் போட்டுப் பார்த்துட்டு, முறுக்கின துண்டு மாதிரி கடை நடுவுல நிக்கிறார். ஏன்டா சொல்லலைன்னா, "நீங்கதானே பேசாதேன்னீங்க"ன்னு பதில் வருது. பாவி. வயிறு எரியுது மாமா. அப்பா போனப்ப இவனுக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை நீங்க வரணும். கடையை ரெண்டாப் பிரிச்சுக் கொடுங்க, நடுவுல சுவர் வெச்சுக்கிறேன். இனி அவன் முகத்துல முழிக்க மாட்டேன்.

அத்தைக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
கொதித்துப்போன உங்கள் மூத்த மருமகன்

பி.கு.: மாமா, நான் சின்னவன். அண்ணனோட மூக்குக்கண்ணாடி போன வாரமே உடைஞ்சுபோச்சு, அதனால அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். என்கிட்ட பேசலைதான், "எழுது"ன்னு மட்டும் சொன்னார். பாவின்னு நாலஞ்சு தடவை சொன்னார், கை வலிச்சதால ஒண்ணோட விட்டுட்டேன். சுவர் வைக்கிற இடம் வந்ததும் எழுந்துபோய் முகத்தைக் கழுவிட்டு வந்தார், அதை எழுதச் சொல்லலை. ஞாயிற்றுக்கிழமை நீங்க வர வேண்டாம். அன்னிக்கு அவரைக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்.