பசவனசந்திரம் கடைவீதிக்கு உயிரூட்டிய படலம்

ஓசூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தும் எவரும் மதிக்காத பசவனசந்திரம் பேரூராட்சிக்கு, தலைவர் மாதேஸ்வரனைப் போல ஒரு தொலைநோக்காளர் இனிப் பிறந்தால்தான் உண்டு. ஊரே சும்மா சொன்ன ஒரு விஷயத்தைத் துளியும் நம்பாமல், கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்பவரை மட்டும் நம்புவதற்குச் சாதாரண மனவுறுதி போதாது.

ஊர் சொன்னது இதுதான். சாக்கடை கட்டுவதாகச் சொல்லிக் கடைவீதி முனையில் தோண்டிய பெரிய குழியைப் பேரூராட்சி மூடவே இல்லை. அதனால் கம்பெனி பஸ்கள் ஊருக்குள் வராமல், ஷிப்ட் முடிந்த ஆட்களை பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுகின்றன. கடைவீதி ஈ ஓட்டுகிறது.

"குழியை மூடு தம்பி, பஸ்ஸு தானா வரும்" என்றாள் சரோஜம்மாள்.

சரோஜம்மாள் தலைவருக்கு உடன்பிறந்த அக்கா. கடைவீதியில் இட்லிக் கடை. தம்பி லேத் பட்டறையில் எடுபிடியாக இருந்த நாளில் சோறு போட்டவள். தேர்தல் சமயத்தில், சாப்பிட வந்தவர்களுக்கு இட்லியோடு தம்பியின் சின்னத்தையும் சேர்த்துப் பரிமாறியவள்.

அக்கா மேல் மாதேஸ்வரனுக்கு உயிர்தான். ஆனால் குழியை மண் போட்டு மூடினால் அதைத் திறந்து வைக்க அமைச்சர் வருவாரா? ரிப்பனை எங்கே கட்டுவது? யோசித்தார். பெங்களூருவிலிருந்து ஸ்ரீராம் என்ற 'நகர மறுமலர்ச்சி ஆலோசகரை' நியமிக்க மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். ஆலோசகரின் காரைப் பார்த்ததும் எதிர்க்கட்சி உறுப்பினர்கள்கூட எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ஸ்ரீராம் கள ஆய்வுக்கு வந்தார். வெயிலில் கோட்டோடு நடந்தார். சரோஜம்மாள் கடை முன் நின்றார்.

"அம்மா, நீங்க இங்க ஒரு ஸ்டேக்ஹோல்டர்."

"நான் கரண்டி புடிக்கிறவங்க."

"சரி, இந்த டவுனைப் பத்தி உங்க விஷன் என்ன?"

"விசனந்தாங்க. வேற என்னா இருக்குது? அந்தக் குழியை மூடினா தீந்துடும்."

ஸ்ரீராம் குழியருகே போய்க் கண்ணை மூடி நின்றார். "சார், இது குழி இல்ல. இது ஒரு வாய்ப்பு. இங்க ஒரு நீரூற்று வரணும்" என்றார். மாதேஸ்வரனுக்குப் புல்லரித்தது. வாய்ப்பைப் போய் இத்தனை நாளும் குழி என்று நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தோமே!

பிறகு அறிக்கை வந்தது. வண்ணப் படங்களோடு, வழவழப்பான தாளில். கடைவீதியின் வளர்ச்சிக்குத் தடையாக இருப்பவை கடைகளே என்று அது கண்டறிந்திருந்தது. கடைகளை அகற்றித் 'திறந்தவெளிச் சதுக்கம்' அமைக்க வேண்டும். வியாபாரிகள் பைபாஸில் தயாராக உள்ள நவீன வணிக வளாகத்துக்கு மாறிக்கொள்ளலாம். அந்த வளாகம் மாதேஸ்வரனின் மச்சினர் பெயரில் இருந்தது தற்செயல். இவ்வளவு பெரிய நிபுணத்துவத்தில் ஒரு தற்செயல்கூட இருக்கக்கூடாதா?

செய்தியை அக்காவிடம் சொல்ல மாதேஸ்வரன் ஸ்ரீராமையும் கூட்டிக்கொண்டு போனார். ஸ்ரீராம் படம் காட்டிப் பேசினார். சரோஜம்மாள் படத்தைப் பார்க்கவே இல்லை.

"தம்பி, நீ சொல்லு. நான் கடையை எடுக்கணுமா?"

"நான் சொல்லலக்கா. அறிக்கை சொல்லுது."

"அப்ப நீ வூட்டுக்குப் போ. நான் அறிக்கைகிட்ட பேசிக்கிறேன்."

கடைகளை இடிக்க ஜேசிபி வந்தது. வந்த ஜேசிபி முனையிலேயே நின்றுவிட்டது. குழி! இரண்டு டிப்பர் மண் கொட்டி, தட்டிச் சமன் செய்து, ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் குழியை மூடினார்கள். நிர்வாகம் நினைத்தால் எவ்வளவு வேகமாக இயங்கும் என்பதைக் கடைவீதி அன்று கண்ணாரக் கண்டது. அந்த வழியாக ஜேசிபி கம்பீரமாக உள்ளே போனது. சரோஜம்மாள் இட்லிக் குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். மறுநாள் நீரூற்றுக்காக அதே இடத்தை மறுபடி தோண்டினார்கள்.

அமைச்சர் வந்தார், ரிப்பன் வெட்டினார். சதுக்கத்தில் நெரிசல் இல்லை, சத்தம் இல்லை, குப்பை இல்லை. ஆளும் இல்லை.

வணிக வளாகத்தில் எல்லாரும் இடம் பிடித்தார்கள், சரோஜம்மாள் மட்டும் வரவில்லை. மாதேஸ்வரன் தனியாக அவள் வீட்டுக்குப் போனார்.

"அக்கா, வளாகத்துல முன்பக்கமே கார்னர் கடை தர்றேன். உனக்கு அட்வான்ஸே வேணாம்."

அவள் அடுப்பிலிருந்து திரும்பவில்லை.

"தம்பி, எங்கள வெரட்டணும்னு உனக்குத்தான் தோணுச்சு. நேரா வந்து 'போக்கா'ன்னு சொல்லியிருந்தா போயிருப்பேன். நான் வளத்த வாய்தானே அது? அத விட்டுட்டு, பெங்களூர்ல இருந்து ஒரு வாயை என்னாத்துக்கு வாடகைக்குப் புடிச்ச?"

மாதேஸ்வரன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் வாடகை வாய் அப்போது வேறொரு பேரூராட்சியில் பேசிக்கொண்டிருந்தது.