கண்டம் தாங்கி மீன்

எங்கள் சிவகாசி வட்டாரத்தில் மீன் செத்தால் லட்டு கொடுப்பார்கள். நம்ப மாட்டீர்கள். நானும் நம்பவில்லை, எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனி ஒன்றுக்கு லேபிள் சாம்பிள் காட்டப் போன அன்று வாட்ச்மேன் பால்பாண்டி என் கையில் ஒன்றைத் திணிக்கிற வரைக்கும்.

"ஆபீஸ் மீன் செத்துருச்சு அண்ணாச்சி. எடுத்துக்கிடுங்க," என்றார், பல்லெல்லாம் தெரிய.

செத்தது குளத்து மீன் இல்லை. விமானம் ஏறி வந்த வெளிநாட்டு வண்ண மீன். நெற்றியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு புடைப்பு. உங்களுக்கு வரப்போகிற கண்டமெல்லாம் அந்தப் புடைப்பில் போய்ச் சேருமாம். மீன் செத்தால் கண்டம் தீர்ந்தது, அடுத்த மீன் வாங்குங்கள். சாகவில்லையா? கண்டம் இன்னும் வரவில்லை, காத்திருங்கள். இரண்டில் எது நடந்தாலும் சாமியார் ஜெயித்துவிடுவார்.

சாமியார் பெயர் ஸ்ரீலஸ்ரீ மீனானந்தா. காவி கட்டுவதற்கு முன்னால் மொக்கைச்சாமி. மதுரைப் பக்கம் கண்ணாடித் தொட்டி விற்றுக்கொண்டிருந்தவர். தொட்டி ஒரு தடவைதான் விற்கும், மீன் செத்துச் செத்து விற்கும் என்று ஒருநாள் ஞானம் வந்தது.

ஞானம் வந்த நேரத்தைப் பாருங்கள். மீன் வருகிற நாட்டில் வண்ண மீன்களுக்குக் கொள்ளைநோய். உடம்பெல்லாம் புண், செதிலில் பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளை. வெளிநாட்டு மீன் வந்தால் சில நாள் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே வெளியே விட வேண்டும் என்று பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டார்கள். மீனானந்தாவும் படித்தார். படித்துவிட்டு, நோய் மீனாகவே தேடிப் பிடித்துக் கள்ளத்தனமாக இறக்கினார். மற்ற வியாபாரிக்கு மீன் செத்தால் நஷ்டம், இவருக்குப் பிழைத்தால் நஷ்டம்.

வெள்ளிக்கிழமை தோறும் அவர் வாசலில் கார் நிறுத்த இடம் கிடையாது. அச்சாபீஸ் முதலாளிகள் வந்தார்கள். ஆலங்குளம் பக்கத்துச் சம்சாரிகள், மக்காச்சோளத்தில் புழு விழாமல் இருக்க ஒரு மீன் வேண்டும் என்று பிளாஸ்டிக் வாளியோடு வரிசையில் நின்றார்கள். புழுவுக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று வரிசையில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் இடம் போய்விடும்.

லட்டு கொடுத்த கம்பெனியின் முதலாளி தனுஷ்கோடி. நல்ல மனுஷர். இந்த வியாதி நல்ல மனுஷர்களுக்குத்தான் சீக்கிரம் ஒட்டுகிறது.

அவர் கம்பெனியில் பட்டாசு மருந்து கலக்குகிற அறை வாசலில் ஒரு செம்புத் தகடு உண்டு. உள்ளே போகிறவர்கள் அதைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள். உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் தகட்டின் கம்பி வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். இறங்காவிட்டால் ஒரு பொறி போதும், கூரையை அடுத்த காட்டில் போய்ப் பொறுக்கலாம். அந்த எர்த் கம்பி இற்றுப்போய் அறுந்துவிட்டது. மாற்றச் சொல்லி வந்து நின்றவர் அந்த அறையின் போர்மேன் தங்கப்பாண்டியன். முதலாளி மனைவி கற்பகவல்லியின் உடன்பிறந்த தம்பி.

"அத்தான், கம்பி அந்து கெடக்கு. தகட்டத் தொட்டும் புண்ணியமில்ல."

"கம்பி கெடக்கட்டும் மாப்ள. சாமி மீனே தாரேன்னுட்டாக."

தகட்டைக் கழற்றினார்கள். அந்த இடத்தில் மீன் தொட்டியை வைத்தார்கள். இனிமேல் தொட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். மீனுக்குக் காற்று வேண்டாமா? அதற்கு ஒரு மோட்டார். மோட்டாருக்கு ஒரு ஒயர். ஒரு பல்புக்குக்கூட மின்சாரம் இழுக்காத கலவை அறை வாசலுக்கு, மீன் தொட்டியில் குமிழி வருவதற்காக ஒயர் இழுத்தார்கள்.

விஷயம் தெரிந்ததும் கற்பகவல்லி ஆபீஸில் அடுத்ததாகச் செத்த மீனைப் பையில் போட்டுக்கொண்டு கால்நடை டாக்டரிடம் போனார். வரும்போதே நோயோடு வந்த மீன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னார்.

"டாக்டருக்கு மீன் தெரியும். கண்டம் தெரியுமா?" என்றார் தனுஷ்கோடி.

"என் தம்பி அந்த ரூம்ல நிக்கான், ஞாபகம் இருக்கா?"

"அதுக்குத்தான மீனே வச்சிருக்கேன். உன் தம்பிக்கு நான் செய்யாம யாரு செய்வா?"

மனதாரச் சொன்னார். எனக்கு ஆத்திரமே அதில்தான். மச்சினன் மேல் அம்புட்டுப் பாசம், அந்தப் பாசத்துக்குக் காவல் ஒரு நோய் மீன்.

கற்பகவல்லி சிரித்த முகமாக, "சரிங்க. சாமியவே நம்ம கம்பெனிக்குக் கூட்டிட்டு வாங்க. ஊரறியப் பூசை வைப்போம்," என்றார்.

தனுஷ்கோடி குளிர்ந்து போனார். சாமியாரோ அதற்கும் மேலே போனார். வட்டாரத்தில் இருக்கிற கலவை அறை ஒவ்வொன்றுக்கும் ஒரு மீன், ஒரு மோட்டார் என்று அறிவித்துவிட்டார். பூசையன்று கம்பெனிக்கு லீவு. வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். லோடு ஆட்டோவில் மீன்கள் வந்தன, ஏ.சி. காரில் சாமியார் வந்தார். காதில் மாட்டுகிற மைக். நாலு மூலையிலும் குழாய் ஸ்பீக்கர்.

"தீக்கண்டம் இனி இந்த ஊர்ப் பக்கம் தல வச்சுப் படுக்காது," என்றார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

கற்பகவல்லி குங்குமத் தட்டோடு முன்னால் வந்தார். "சாமி, உங்க பேருக்கும் ஒரு மீன் விட்டுருக்கேன். தொட்டு ஆசீர்வாதம் பண்ணுங்க."

தொட்டார். ஆசீர்வதித்தார்.

"இப்ப உள்ள போயி நில்லுங்க. தம்பி மருந்து கலந்து வச்சிருக்கான். இந்த மோட்டார் ஒயரு லேசாப் பொறி தட்டுது. நான் இங்கன நின்னு சுவிட்சப் போடுதேன்."

சாமியாரின் சிரிப்பு பாதியில் நின்றது. "எதுக்குத் தாயி?"

"உங்க கண்டத்த மீன் தாங்குறத எல்லாரும் கண்ணால பாக்கட்டும்."

கூட்டத்துக்குப் புல்லரித்தது. "சாமிக்கு ஒண்ணும் ஆகாதுலே, மீன் இருக்கு," என்று நாலு பக்தர்கள் அவரைத் தூக்காத குறையாக உள்ளே கொண்டுபோய் நிறுத்தினார்கள். நிறுத்திவிட்டு எல்லாரும் ஓட்டமும் நடையுமாகக் கேட்டுக்கு வெளியே போய் நின்று கும்பிட்டார்கள். நம்பிக்கையில் குறைவில்லை. தூரம்தான் கொஞ்சம் அதிகம்.

"இன்னைக்கு நேரம் சரியில்ல தாயி," என்றார் சாமியார். வேர்வை மூக்கு நுனியில் தொங்கியது.

"ஒரு மீன் பத்தாதா சாமி? நாலு விடவா?" நாலு விட்டார். கை சுவிட்சுக்குப் போனது.

சாமியார் காவியை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு வெளியே பாய்ந்தார். "ஏம்மா, கைய எடும்மா. அது நோக்காட்டு மீனு. சும்மா விட்டாலே ஒரு வாரத்துல சாகும். அதப் போயி எந்தக் கண்டத்தத் தாங்கச் சொல்லுத?"

காதில் மைக் இருப்பதை மறந்துவிட்டார். நாலு குழாயும் எம். புதுப்பட்டி முழுக்கச் சொன்னது.

கற்பகவல்லி நிதானமாகச் சுவிட்சைப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. மோட்டார் ஒயரின் ஃபியூஸ் தங்கப்பாண்டியன் சட்டைப் பையில் இருந்தது. அறையையும் முந்தின நாளே கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். ஒரு சிட்டிகை மருந்துகூட உள்ளே கிடையாது.

தனுஷ்கோடி சாமியாரைப் பார்க்கவில்லை. மச்சினனைப் பார்த்தார்.

"மாப்ள, தெனமும் இந்தக் கண்ணாடியத் தொட்டுட்டா உள்ள போன?"

"நீங்க சொன்னீகள்ல, அத்தான்."

தனுஷ்கோடி நேரே போய் அந்த ஒயரைத் தன் கையாலேயே பிடுங்கினார். பொழுது சாய்வதற்குள் செம்புத் தகடு பழைய இடத்துக்கு வந்தது, புதுக் கம்பியோடு. முதலில் தொட்டவர் தங்கப்பாண்டியன். அக்காக்காரி அப்போதுதான் அழுதார்.

சாமியாரை லோடு ஆட்டோவிலேயே ஏற்றி அனுப்பினார்கள், போலீஸோடு. மீன்களை டாக்டர் தனித் தொட்டிகளில் வைத்து வைத்தியம் பார்த்தார். பாதிக்கு மேல் செத்தன. சாமியார் பேருக்கு விட்ட மீன் பிழைத்துக்கொண்டது. அவர் சொன்ன சாஸ்திரப்படி அவருக்குக் கண்டம் இன்னும் வரவில்லை, போலீஸ்தான் வந்தது.

பூசையன்று எல்லாம் முடிந்து நான் வண்டியை எடுக்கும்போது பால்பாண்டி பக்கத்தில் வந்தார். "அண்ணாச்சி, அது எப்படியும் போகட்டும். அன்னைக்கு லட்டுக் குடுத்தோம்ல, அந்த மீனாவது நெசமாத் தாங்கிருக்கும்ல?"

வெளிநாட்டு மீன் ஒன்றைத் தொட்டிக்குள் விடுவதற்கு முன்னால் சில நாள் தனியே வைத்து, நோய் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது சட்டம். ஐயா, அம்மா, ஒரு மீன் தொட்டிக்கு இருக்கிற அந்தக் காவல்கூட, யார் எதைச் சொன்னாலும் உள்ளே விடுகிற உங்கள் தலைக்கு வேண்டாமா?