பேகி பேக்குல இருக்குது

மச்சினன் மகள் கல்யாணத்துக்கு மனைவியின் புடவைக்கு மேட்ச்சாக மயில்கழுத்து நிறச் சட்டை போடுவதில்லை என்று உப்பள மேஸ்திரி சிவஞானம் சபதம் எடுத்தார். தலையே போனாலும் சரி, மிஞ்சுகிற கழுத்துக்கு மயில்கழுத்து கிடையாது.

தைரியம் கொடுத்தவள் சென்னையில் படிக்கும் மகள் சரண்யா. "இப்ப பேகி பேண்ட்தான்பா ஃபேஷன். ரெட்ரோ. எங்க காலேஜ் பசங்க அப்பா பேண்ட்டையெல்லாம் தேடி எடுத்து மாட்டிக்கினு வர்றானுங்க," என்று போனில் சொல்லிவிட்டாள்.

சிவஞானத்திடமும் ஒரு பேகி இருந்தது. கடுகு நிறம். கடல்காற்று அடித்தால் கால் ஒரு ஊருக்கும் பேண்ட் ஒரு ஊருக்கும் போகும். அதைப் போட்டுக்கொண்டுதான் பெருமுக்கலுக்குப் பெண் பார்க்கப் போனார். ஜெயா கதவோரம் நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை பார்க்க அவருக்கு நிஜமாகவே ஆசை.

"ஜெயா, என் பேகி எங்க?"

தையல் மெஷினிலிருந்து அவள் நிமிரவில்லை. "பேக்குல இருக்குதுங்க."

"நீ தூக்கிப் போட்டிருப்பியோன்னு நெனச்சேன்."

"பொண்ணு பாக்க வந்தப்ப போட்டது. மனசு வருமா?"

"அப்ப கல்யாணத்துக்கு அதான் போடப்போறேன்."

"போடுங்க. போட முடியலைன்னா மயில்கழுத்து. பேச்சு மாறக்கூடாது."

"அதான் இருக்குதுன்னு நீயே சொல்லிட்டியே. சரி."

ரெக்சின் பேக், டிராலி பேக், சரண்யாவின் பழைய ஸ்கூல் பேக், எல்லாவற்றையும் கவிழ்த்தார். பாச்சை உருண்டைதான் உருண்டது. வெயிலில் நின்றே வேர்க்காதவருக்கு வீட்டுக்குள் வேர்த்தது.

"எந்த பேக்குல ஜெயா?"

அவள் ஆணியைக் காட்டினாள். அதில் தொங்கியது அவர் தினமும் உப்பளத்துக்குச் சாப்பாடு கொண்டுபோகும் தோள்பை. பொங்கலுக்கு அவள் தைத்துக் கொடுத்தது. சாவி போடத் தனிப் பாக்கெட் இருக்குது பாரு என்று அளம் முழுக்க அவரே பெருமையடித்த பை.

இறக்கித் திறந்தார். அளத்து வெயிலில் வெளியே வெளுத்திருந்தாலும் உள்ளே பளிச்சென்று கடுகு நிறம். அந்த ஜிப். அந்தப் பாக்கெட்.

"இது... ஒரு காலுதானே?"

"இன்னொரு காலு சரண்யாகிட்ட. காலேஜ் பேக்கு. அதைப் பாத்துத்தான் ரெட்ரோன்னு அவ சொன்னதே."

பைக்குள் இஸ்திரி போட்டு மடித்த மயில்கழுத்துச் சட்டை தயாராக இருந்தது.

ஜெயா சிரித்தாள். அதே கதவோரச் சிரிப்பு. அவருக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் வெட்கம் வந்து தொலைத்தது.

"சட்டையைப் போடுங்க, பேகியைத் தோள்ல மாட்டிக்குங்க," என்றாள். "மொய்க்கவர் வெக்க பாக்கெட் இருக்குது."